முகப்புப் பக்கத்துப் பாவம்

தமிழ்நாட்டுப் பாடநூல்களின் முகப்பிலே, தீண்டாமையைப் பாவமென்றும் பெருங்குற்றமென்றும் இடித்துரைக்கும் பக்கம் ஒன்று உண்டு. குற்றம் என்பது சரி. அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. ‘பாவம்’ எதற்கு? பரிகாரம் செய்தால் தீருமென்று புரோகிதன் பரப்பிய சொல்லன்றோ அது!

சொல் கிடக்கட்டும், பயனைக் காண்போம். 2023 செப்டம்பரில், எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டித் தொடக்கப் பள்ளியில், ஆதிதிராவிட அம்மையார் சமைத்த காலைச் சிற்றுண்டியைப் பிள்ளைகள் பலர் தொடவில்லை. அவர்தம் புத்தகத்திலும் அந்தப் பக்கம் இருந்தது! கனிமொழி சென்று உடன் அமர்ந்தார், பிள்ளைகளும் உண்டனர். நாள்தோறும் ஆசிரியர் செய்யவேண்டிய வேலை அது.

திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளின் உணவுக்கூடத்தில் தட்டேந்தி நிற்கும் எந்தத் தந்தை, சமைத்தவர் குலத்தை விசாரிக்கிறார்? வேலைமுடிந்து வீடு திரும்பியதும் மகனிடம் மட்டும் விசாரிக்கச் சொல்வானேன்?