ஒலிபெருக்கியின் முதுகில் ஓர் எண்

உங்கள் வீட்டில் ஒலிபெருக்கிப் பெட்டி இருந்தால் அதைத் திருப்பிப் பாருங்கள். ‘8 ஓம்’ என்றோ ‘4 ஓம்’ என்றோ அச்சிட்டிருக்கும். இந்த எண்ணை நம்பித்தான் பலரும் அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயரைத் தேடுகிறார்கள். அது சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவது மிகுதி என்பதே என் குறை.

முதலில் ‘பொருத்தம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பெரும ஆற்றல் மாற்றத் தேற்றத்தைப் படித்த மாணவர், ஆம்ப்ளிஃபயரின் அக மின்தடையும் 8 ஓமாக இருக்க வேண்டும் என்பார். தேற்றம் சரி, இடம்தான் தவறு. வால்வு காலத்தில் வெளியீட்டு மின்மாற்றியில் 4, 8, 16 ஓம் எனத் தனித்தனி இணைப்புமுனைகள் இருந்தன. வால்வுக்கு உகந்த சுமையை அளிக்க அவை தேவைப்பட்டன. பேச்சு வழக்கு அங்கிருந்து வந்தது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் அக மின்தடையோ பெரும்பாலும் 0.1 ஓமுக்கும் குறைவு. ஒலிபெருக்கி கேட்கும் மின்னோட்டத்தை அது தாக்குப்பிடித்துக் கொடுக்குமா என்று பார்ப்பதே இங்கே பொருத்தம் பார்ப்பது.

எவ்வளவு கேட்கும்? ஒலிபெருக்கி வெறும் மின்தடையன்று. கம்பிச்சுருள், மின்தேக்கிகள், காந்தப்புலத்தில் அசையும் கூம்பு எல்லாம் சேர்ந்த அதன் மின்மறுப்பு, அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறுகிறது. கூம்பின் ஒத்ததிர்வில் 30 ஓம்வரை ஏறும் ‘8 ஓம்’ பெட்டி, சற்று மேலே 4 ஓமுக்கு இறங்குவது புதுமையன்று. ஐ.ஈ.சி. 60268-5 என்னும் பன்னாட்டுத் தரவிதிப்படி, குறித்த மதிப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே அது இறங்கக் கூடாது. அதாவது 8 ஓமுக்கு 6.4 ஓம். இதை மதிக்காத பெட்டிகள் தாராளமாக விற்கின்றன.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஆம்ப்ளிஃபயர் 20 வோல்ட் கொடுக்கிறது. 8 ஓமில் 2.5 ஆம்பியர், 50 வாட். 4 ஓமில் 5 ஆம்பியர், 100 வாட். 2 ஓமில் 10 ஆம்பியர், 200 வாட்! இதோடு கட்ட வேறுபாடும் சேர்ந்தால் தொல்லை பெருகும். வெளியீட்டு மின்னழுத்தம் சிறிதாக இருக்கும் கணத்தில் மின்னோட்டம் பெரிதாக ஓடும். மின்வழங்கியின் அழுத்தத்தில் மிச்சம் முழுவதையும் டிரான்சிஸ்டரே தாங்கிச் சூடேறும். காப்புச்சுற்று குறுக்கிட்டு இசையை வெட்டும்; காப்புச்சுற்று இல்லாவிட்டால் டிரான்சிஸ்டர் போய்விடும். பழியோ ‘ஆம்ப்ளிஃபயர் மட்டம்’ என்று வரும்.

1980களில் அமெரிக்காவின் அப்போஜி நிறுவனம் ‘சிந்தில்லா’ என்ற ரிப்பன் ஒலிபெருக்கியை வெளியிட்டது. மெல்லிய உலோக ரிப்பனின் மின்தடை இயல்பாகவே மிகச் சிறிது. அதை 1 ஓமிலும் இயக்கலாம், 4 ஓமுக்கும் மாற்றிக்கொள்ளலாம். 1 ஓமில் அதே 20 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர் வேண்டும். இணைப்புக் கம்பியில் 0.1 ஓம் இருந்தாலே ஆற்றலில் 9 சதவீதம் கம்பியில் போய்விடும். ஆம்ப்ளிஃபயர்களைத் திணறடித்ததாக அதற்குப் பெயர். சுமையை அடுத்தவர் தலையில் ஏற்றிய வடிவமைப்பு என்பதே என் கருத்தும். ஆனாலும் 1 ஓம் என்று அது வெளிப்படையாகச் சொன்னது. 8 என்று எழுதிவிட்டு 3-க்கு இறங்கும் பெட்டியைவிட அது நாணயமானது.

ஆம்ப்ளிஃபயர் பக்கமும் குறை உண்டு. வாட் அளவை மிகைப்படுத்தி விளம்பரம் செய்வதைத் தடுக்க அமெரிக்க வணிக ஆணையம் 1974-இல் விதி வகுத்தது. 2024-இல் அதைத் திருத்தி, 8 ஓம் சுமையில் அளக்க வேண்டும் என்றது. நல்ல விதிதான். ஆனால் சோதனை மேசையில் அந்தச் சுமை வழக்கமாக ஒரு தூய மின்தடை. உங்கள் வீட்டில் இருப்பதோ ஒலிபெருக்கி.

ஆகவே வாங்கப் போகும்போது இரண்டைக் கேளுங்கள்: ஒலிபெருக்கியின் மிகக் குறைந்த மின்மறுப்பு எத்தனை ஓம், எந்த அதிர்வெண்ணில்? ஆம்ப்ளிஃபயர் 4 ஓமில் தொடர்ந்து எத்தனை வாட் தரும்? 8 ஓமில் 50 வாட் தருவது 4 ஓமில் 90-ஐ எட்டினால் அதன் மின்வழங்கி வலுவானது. 60-இலேயே நின்றால், கடினமான பெட்டியை அதனுடன் இணைக்காதீர்கள். அதே முனைகளில் இன்னொரு ஜோடிப் பெட்டியைப் பக்க இணைப்பாக மாட்டும் முன்பும், 4-க்கு இறங்கும் இரண்டு சேர்ந்தால் எத்தனை ஓம் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.