இடம் மாறாத மழை

அல்ஃபோன்சோ குவாரோனின் 'கிராவிட்டி' (2013) சில வரி எழுத்துகளோடு தொடங்குகிறது. விண்வெளியில் ஒலியைச் சுமந்து செல்ல எதுவும் இல்லை என்று திரை சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அடியில் ஓர் இரைச்சல் ஊறிப் பெருகுகிறது. அரங்கமே அதிரும் உச்சத்தில் அது சட்டென்று அறுபடுகிறது. மிச்சமிருப்பவை பூமியின் நீல வளைவும் நிசப்தமும்தான். அந்த நிசப்தத்துக்கு அவ்வளவு ஆழம் கொடுத்தது, அதற்கு முந்தைய நொடியின் சத்தம். ஒலிக்கலவை, ஒலித்தொகுப்பு இரண்டுக்குமான ஆஸ்கரையும் அந்தப் படமே தட்டிச்சென்றது.

மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்துக்கு ஒலிக்கலைஞர்கள் வைத்திருக்கும் பெயர் டைனமிக் ரேஞ்ச். திரையரங்கில் அது தாராளமாகவே கிடைக்கிறது. திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரையும் சோதனை இரைச்சலை ஓடவிட்டு 85 டெசிபலுக்குச் சரிசெய்கிறார்கள். அதற்கு மேலே இன்னும் 20 டெசிபல் உயர இடம் விட்டிருக்கிறது. வீட்டில் கதை வேறு. மின்விசிறி ஓடுகிறது, குக்கர் விசிலடிக்கிறது, பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது. முணுமுணுப்பு காதில் விழ வேண்டும், வெடிச்சத்தம் வீட்டை எழுப்பிவிடவும் கூடாது. அந்த வேலையை ஏற்பது கம்ப்ரஸர். குறித்துவைத்த அளவை ஒலி தாண்டினால் உடனே அழுத்திப் பிடிக்கும், தணிந்ததும் விட்டுவிடும். உச்சம் அடங்கியபின் மொத்த ஒலியையும் உயர்த்தினால் முணுமுணுப்பும் கேட்கும்.

ஒரே ஸ்பீக்கர் என்றால் இதில் பெரிய சிக்கல் எதுவும் கிடையாது. கேட்பவரைச் சுற்றிலும் ஸ்பீக்கர்களை நிறுத்தும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது.

ஒரு மழைக்காட்சியை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து ஸ்பீக்கர்களிலும் மழை சீராகப் பெய்கிறது. பின்பக்க இடது மூலையில் ஓர் இடி. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி கம்ப்ரஸர் போட்டிருந்தால், இடி விழுந்த மூலை மட்டும் 6 டெசிபல் தாழ்கிறது. அலையின் வீச்சில் அது பாதி. இடியோடு சேர்ந்து அந்த மூலையின் மழையும் தாழ்ந்துவிடுகிறது. விளைவு, இடி இடிக்கும்போதெல்லாம் மழை வலப்பக்கமாக ஒதுங்குகிறது, கம்ப்ரஸர் பிடியைத் தளர்த்தியதும் மெல்லத் திரும்பி வருகிறது. என்ன கோளாறு என்று பார்வையாளருக்குச் சொல்லத் தெரியாது. தலைக்கு மேலிருந்த வானம் ஒரு கணம் ஆட்டம் கண்டது மட்டும் உறைக்கும்.

சரி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, எந்த மூலையில் சத்தம் எழுந்தாலும் ஐந்தையும் ஒரே அளவு இறக்கினால்? மழை இடத்தைவிட்டு நகராது. ஆனால் ஒவ்வோர் இடிக்கும் மழை மொத்தமாக அமுங்கி எழும், யாரோ மூச்சு வாங்குவதுபோல. இதற்கு 'பம்பிங்' என்று பெயர். கைதேர்ந்தவர்கள் இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்கள்: கட்டை முழுக்க இறுக்காமல் பாதி இறுக்குவது, பிடியை விடும் வேகத்தை மழையின் போக்குக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பது. எங்கே நிறுத்துவது என்பதற்குச் சூத்திரம் இல்லை. காதுதான் கணக்கு.

இதே சிக்கலின் கணித முகம் ஆம்பிசானிக்ஸில் தெரிகிறது. 1970களில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மைக்கேல் கெர்ஸன் வளர்த்தெடுத்த சுற்றொலி முறை இது. அதன் அடிப்படை வடிவத்தில் நான்கு தடங்கள் உண்டு. டபிள்யூ எல்லாத் திசைகளையும் சமமாகக் கேட்கிறது. எக்ஸ் முன்னும் பின்னும், ஒய் இடமும் வலமும், இசட் மேலும் கீழும். ஓர் ஒலி எங்கிருந்து வருகிறது என்ற செய்தி எந்தத் தனித் தடத்திலும் கிடையாது. நான்குக்கும் உள்ள விகிதத்தில்தான் அது ஒளிந்திருக்கிறது. ஒய் தடத்தை மட்டும் அமுக்கினால், முன்பக்க இடது மூலையில் இருந்த குயில் தன் இடத்தைவிட்டு நழுவுகிறது. அதனால் டபிள்யூவைப் பார்த்து அளவை முடிவுசெய்து, நான்கையும் ஒரே விகிதத்தில் இறக்குகிறார்கள். இன்னும் நுட்பமான வழியும் உண்டு: தடங்களைப் பல திசைகளாகப் பிரித்து, அங்கே சரிசெய்து, மறுபடி பழைய வடிவத்துக்கே மாற்றுவது.

டால்பி அட்மாஸ் என்ற சுற்றொலி முறை பிடித்த பாதை வேறு. 2012இல் பிக்ஸாரின் 'பிரேவ்' படத்தோடு அது அரங்கேறியது. அதே ஆண்டின் கடைசியில் 'சிவாஜி 3டி' வழியாக இந்தியத் திரைக்கும் வந்தது. மொத்தம் 128 தடங்கள். பத்து, பின்னணிக்கான 'பெட்'. மீதி 118 தடங்களும் 'ஆப்ஜெக்ட்' என்ற பெயரில் தனித்தனியாக உலவக்கூடிய ஒலிகள். மழை ஒரு பக்கம், இடி ஒரு பக்கம் என்று தனியாக இருப்பதால், இடியை அடக்க மழையைத் தொடவே வேண்டாம்.

பழைய தலைவலி தீர்ந்த இடத்தில் புதியது முளைத்தது. ஸ்டீரியோவில் எல்லா ஒலிகளும் கடைசியாக வந்து சேரும் ஒரு வாசல் உண்டு. அங்கே ஒரு கம்ப்ரஸரை மாட்டிவிட்டால் பாட்டு முழுவதும் ஒரே உடலாக ஒட்டிக்கொள்ளும். அட்மாஸில் அந்த வாசலே கிடையாது. ஆப்ஜெக்ட்டுகள் ஒன்றுகூடுவது கேட்பவரின் அரங்கிலோ ஹெட்ஃபோனிலோதான். தனித்தனியாக அடக்கமாக இருந்த நூறு ஒலிகள், இரண்டு காதுகளுக்குள் குவியும்போது எல்லை மீறலாம். அதனால் டிரம், குரல், கிதார் எனத் தனித்தனிக் கம்ப்ரஸர்களை மாட்டி, அவை அனைத்தும் ஒரே சமிக்ஞையைக் கேட்டு ஒன்றாக அசையும்படி இணைக்கிறார்கள்.

இசைக்கு அட்மாஸ் ஒரு நல்லதும் செய்தது. யார் பாட்டு அதிக உரக்க ஒலிக்கும் என்ற சத்தப் போட்டி சிடி காலத்தில் உச்சத்துக்குப் போனது. 2008இல் வெளிவந்த மெட்டாலிக்கா இசைக்குழுவின் 'டெத் மேக்னட்டிக்' ஆல்பம் அளவுக்கு மீறி நசுக்கப்பட்டிருந்ததால், 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் இருந்த நசுக்கப்படாத வடிவத்தையே ரசிகர்கள் தேடிப்போனார்கள். அட்மாஸ் இசைக்கோ சராசரி உரப்பு மைனஸ் 18 எல்கேஎஃப்எஸ் (உரப்பின் அலகு) அளவைத் தாண்டக்கூடாது என்று வரம்பு இருக்கிறது. முண்டியடிப்பதில் லாபம் இல்லாததால் டிரம்முக்கு அதன் அடி திரும்பக் கிடைத்தது.

'கிராவிட்டி'யில் இன்னொரு காட்சி. படத்தின் நாயகி டாக்டர் ஸ்டோன் விண்வெளி நிலையத்தின் காற்றடைப்பு அறைக்குள் நுழைகிறார். கதவு ஓசையின்றி மூடுகிறது. அறையில் காற்று நிரம்ப நிரம்ப, ஒலியும் கொஞ்சம் கொஞ்சமாக உயிர்பெறுகிறது. அந்த ஏற்றத்தைக் கேட்டுத்தான் அங்கே காற்று வந்துவிட்டது என்று அரங்கம் புரிந்துகொள்கிறது. அதே காட்சியை ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் வீட்டு டிவியின் இரவு முறையில் போட்டால், கம்ப்ரஸர் மெல்லிய ஒலிகளை முன்கூட்டியே தூக்கிக் கொடுக்கிறது. அங்கே ஸ்டோனுக்குக் கிடைக்கும் முன்பே, சோஃபாவில் இருப்பவருக்குக் காற்று கிடைத்துவிடுகிறது.