பத்தியம் காக்கும் கைப்பேசி

நீரிழிவுக்காரருக்கு வைத்தியர் சொல்லும் புத்திமதியில் பெரும்பாலும் புதுமை ஒன்றும் இருப்பதில்லை. சோற்றைக் குறைக்க வேண்டும், காய்கறியைக் கூட்ட வேண்டும், வாரத்தில் ஐந்து நாளாவது அரைமணி நேரம் வேகமாக நடக்க வேண்டும், மாத்திரையைத் தவறவிடக் கூடாது என்பனவற்றையெல்லாம், ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்கு முன்பே வியாதிக்காரர் அறிந்திருக்கிறார். அறிந்ததை அனுஷ்டிப்பதில்தான் சங்கடம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பத்து நிமிஷம் வைத்தியரின் எதிரே அமர்ந்து எழுந்து வந்த பின்னர், அடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டோடு மறுபடியும் அவர்முன் போய் நிற்கும் வரையில், தம் நாவோடும் சோம்பலோடும் வீட்டு விசேஷங்களோடும் அவர் தனித்தே போராட வேண்டியிருக்கிறது. நீடித்த நோய்களுக்கான சிகிச்சையைச் சரிவரக் கடைப்பிடிப்போர், செல்வம் மிகுந்த நாடுகளிலேகூடச் சுமார் பாதிப்பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே எழுதிவைத்தது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் தேசத்தில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10.1 கோடி, அதற்கு முந்திய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி. இத்தனை பேருக்கும் அருகிருந்து நினைவூட்டுவதற்கு வைத்தியர்களும் தாதியர்களும் போதமாட்டார்களாகையால், அந்தக் கைங்கரியத்தை யந்திரங்கள் செய்யும் என்று சொல்லிப் பலவிதமான சாதனங்கள் கடைக்கு வந்திருக்கின்றன.

என் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்ட நாள் முதலாக நானும், பல வருஷங்களாக மாத்திரை உட்கொண்டுவரும் என் தமக்கையாரும் அவற்றுள் சிலவற்றை உபயோகித்துப் பார்த்திருக்கிறோம்: மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் மலிவான ஸ்மார்ட் பேண்ட் ஒன்று, உண்பதைக் குறித்துவைக்கும் செயலி ஒன்று, மாதச் சந்தா கட்டினால் உணவு ஆலோசகர் ஒருவரோடு நம்மை இணைத்துவைக்கும் திட்டம் ஒன்று. கம்பெனிகளின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்; இங்கே நான் கண்ட குணங்களும் குறைகளும் அந்த அந்த ஜாதிச் சாதனங்களுக்கே பொதுவானவை.

பேண்ட் அளப்பது காலின் நடையை அன்று, கையின் அசைவை. அதிலிருந்து நடையை ஊகித்துக்கொள்கிறது. காலையில் கையை வீசி நடக்கும்போது அதன் கணக்கில் பிழை காண முடியவில்லை. ஆனால் அர்ச்சனைத் தட்டை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு கோயில் பிராகாரத்தை வலம் வந்தபோது நடந்த நடையில் பெரும்பகுதி அதற்குத் தெரியாமலே போயிற்று. தமக்கையார் அம்மியில் சட்னி அரைத்தபோதோ, அமர்ந்த இடத்திலேயே அடிகள் ஏறின. இதைவிடக் கவனிக்க வேண்டியது, வாங்கியவுடனே அது தானாக விதித்துக்கொண்ட 10,000 அடி என்ற இலக்கு. அந்த எண், 1965-ல் ஜப்பானில் யமாசா என்ற கம்பெனி விற்ற நடைமானியின் பெயரிலிருந்து உலகெங்கும் பரவியதேயன்றி வைத்திய சாஸ்திரம் கண்டு சொன்னதன்று. ஐ-மின் லீ என்ற அம்மையாரும் சகாக்களும் அமெரிக்காவில் 16,741 மூதாட்டிகளைப் பின்தொடர்ந்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களுக்கே மரண விகிதம் வெகுவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்குமேல் அந்த நன்மை மேலும் வளரவில்லை. முழங்கால் வலியுள்ள ஓர் அறுபது வயது அம்மாளிடம் ஒவ்வோர் இரவும் “இலக்கை எட்டவில்லை” என்று ஒரு யந்திரம் அறிவிக்குமானால், சில வாரங்களில் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். ஆகையால் பேண்ட் வாங்குவோர் முதற்காரியமாக அந்த இலக்கை மாற்றிவிட வேண்டும். தமக்கையாருக்கு நான் 4,000 என்று வைத்துக் கொடுத்தேன், அவர் அதைப் பிரியமாக எட்டிவருகிறார்.

உணவைக் குறிக்கும் செயலியின் கதை வேறு. இட்லி, தோசை, சப்பாத்தி ஆகியவற்றை அது எண்ணிக்கையால் ஏற்றுக்கொள்கிறது. குழம்பு, கூட்டு, மசியல் என்று வரும்போதுதான் தடுமாறுகிறது. சாம்பார் எத்தனை கிராம் என்று அது கேட்டதை நான் வாசித்துச் சொன்னபோது, “ஏன் தம்பி, கரண்டிக் கணக்கிலே நாற்பது வருஷம் பரிமாறினவளிடம் கிராம் கணக்குக் கேட்டால் நான் எங்கே போவேன்?” என்றார் தமக்கையார். அந்தக் கேள்வி நியாயமானது. வாழைப்பூப் பொரியலைத் தேடினால் கிடைப்பதில்லை. இட்லியைத் தேடினாலோ ஒன்றுக்கொன்று பொருந்தாத கலோரிக் கணக்கோடு பல இட்லிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. பாக்கெட்டின் மேலுள்ள கோடுகளைக் காட்டினால் உடனே இனங்கண்டுகொள்ளும் சாமர்த்தியம் அதற்கு இருக்கிறது. ஆனால் பாக்கெட்டில் வரும் பிஸ்கோத்தும் மிக்சரும் நாம் விலக்க வேண்டியவை, விலக்கத் தேவையில்லாத கீரைக்கும் அவரைக்காய்க்கும் அத்தகைய கோடுகள் ஏது?

அந்தச் செயலியில் எனக்கு மெய்யாகவே பிரயோஜனப்பட்டது, எழுதுவதற்குப் பதிலாக உணவைப் படமெடுத்து வைக்கும் வசதி ஒன்றுதான். இலையிலோ தட்டிலோ பரிமாறியவுடன் ஒரு படம். கலோரி வேண்டாம், கிராம் வேண்டாம். வாரக் கடைசியில் அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தபோது, ஒவ்வொரு மதியமும் தட்டில் முக்கால் பாகம் வெண்மையாகச் சோறே நிறைந்திருப்பதையும், பொரியல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதையும் கண்ணாரக் கண்டேன். அன்று முதல் எங்கள் வீட்டில் பொரியலை முதலில் வைத்துவிட்டு எஞ்சிய இடத்தில் சோறு போடுவது வழக்கமாயிற்று.

நினைவூட்டல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கொருதரம் “எழுந்து நடவுங்கள்” என்று மணிக்கட்டில் அதிரும் சாதனம், தாம்பரம் போகும் பஸ்ஸில் நெரிசலுக்கு நடுவே நான் நின்றுகொண்டிருப்பதை அறியாது. சமயம் பார்த்துச் சொல்லும் யந்திரத்தைச் சமைக்க விஞ்ஞானிகள் முயலாமல் இல்லை. கிளாஸ்னயா, சூசன் மர்ஃபி முதலியோர் அமெரிக்காவில் ‘ஹார்ட்ஸ்டெப்ஸ்’ என்ற செயலியைக் கொண்டு நடத்தி 2019-ல் வெளியிட்ட பரீட்சையில், நடக்கச் சொல்லிய செய்தியைப் பெற்றவர்கள் அடுத்த அரைமணியில் கூடுதலாக நடந்தார்கள். ஆனால் ஆரம்பத்தில் பெரிதாயிருந்த அந்தப் பலன் நாளாக நாளாகத் தேய்ந்துகொண்டே வந்தது. எத்தனை நல்ல வார்த்தையும் தினந்தோறும் ஒரே குரலில் வந்தால் காது அதைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. அறிவிப்புகளில் மாத்திரை வேளையை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடுவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

சந்தாத் திட்டத்தில் இரண்டு விதமான துணை உண்டு. கேட்டவுடன் பதில் சொல்லும் அரட்டை யந்திரம் ஒன்று. வாரத்துக்கு ஒருமுறை நம் குறிப்புகளைப் பார்த்துப் பேசும் ஆலோசகர் ஒருவர். யந்திரம் எதற்கும் “அருமை!” என்று உற்சாகப்படுத்துகிறது, அந்த உற்சாகத்துக்காக நான் ஒரு நாளும் காலை நடைக்கு எழுந்ததில்லை. அமெரிக்காவில் திமோதி பிக்மோர் என்பவர், லாரா என்ற பெயரில் அன்பாகப் பேசும் கணினிப் பாத்திரம் ஒன்றைச் சிருஷ்டித்து, 101 பேரைக் கொண்டு அதைச் சோதித்து 2005-ல் எழுதிய முடிவும் இதற்கு ஒத்திருக்கிறது: லாராவின் அன்பான வார்த்தைகளைப் பெற்றவர்கள் அவளை விரும்பினார்கள், தொடர்ந்து பழக ஆசைப்பட்டார்கள், ஆயினும் அந்த அன்பு இல்லாத லாராவோடு பழகியவர்களைவிட அவர்கள் அதிகமாகத் தேகப்பயிற்சி செய்துவிடவில்லை.

ஆலோசகரான அந்த இளம்பெண்ணோ, படங்களின் மேலிருந்த நேரத்தைப் பார்த்துவிட்டு, “ஐயா, சில நாள் ராத்திரி ஒன்பதரைக்குமேல் சாப்பிடுகிறீர்களே, அன்றைக்கு மட்டும் ஏன்?” என்று கேட்டார். அலுவலகத்திலிருந்து தாமதமாகத் திரும்பும் நாட்கள் அவை. பசியோடு வந்து அமர்வதால் அன்றைக்கே சோறும் மிகுதியாகிறது என்பது பேச்சுக்கிடையே வெளிவந்தது. மாலை ஆறு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுவிடுங்கள் என்றார். அடுத்த வாரம் அவர் பார்ப்பார், கேட்பார் என்ற நினைவு இருந்ததனாலேயே சுண்டல் டப்பா தவறாமல் என் பையில் ஏறியது. நம்மைக் கணக்குக் கேட்கும் தகுதியுள்ள ஒரு மனிதர் மறுமுனையில் இருக்கிறார் என்ற உணர்ச்சியே இத்தகைய திட்டங்களை நோயாளிகள் கைவிடாமல் காக்கிறது என்று டேவிட் மோர் என்ற ஆராய்ச்சியாளரும் சகாக்களும் 2011-ல் எழுதிய கொள்கையை, அந்தச் சுண்டல் டப்பா எனக்கு நிரூபித்தது.

இவற்றுக்கெல்லாம் விலையுயர்ந்த கைப்பேசி வேண்டுமோ என்று மலைப்பவர்களுக்குச் சென்னையிலேயே விடை இருக்கிறது. டாக்டர் அ. இராமச்சந்திரனும் சகாக்களும் நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்த, உத்தியோகம் பார்க்கும் 537 ஆண்களை இரு பிரிவாக்கி, எல்லோருக்கும் தொடக்கத்தில் நேரிலே ஆலோசனை சொல்லி, ஒரு பிரிவினருக்கு மட்டும் அவரவர் மனநிலைக்கு ஏற்றபடி கைப்பேசியில் குறுஞ்செய்திகளை அனுப்பிவந்தார்கள். 2013-ல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, இரண்டு வருஷத்தில் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கும் பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. பொத்தான் கைப்பேசிக்கும் வந்து சேரும் சில வரிகள் இவ்வளவு செய்திருக்கின்றன. என் தமக்கையாரைப் போன்ற பெண்கள் அந்த ஆய்வில் இடம்பெறவில்லை என்பதையும் மறக்கலாகாது. சமையற்கட்டை ஆளுகிறவர்களுக்கு உகந்த செய்திகளை எழுதி, பரீட்சித்துப் பார்க்க வேண்டிய கடமை நம் ஆராய்ச்சியாளர்களுக்கு இன்னும் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை அவசியம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தும் சிலவகை மாத்திரைகளை உண்பவர்களும், செயலி காட்டும் கலோரியைக் கண்டு தாமாகவே உணவைச் சுருக்கினால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடக்கூடும்; வைத்தியரைக் கேளாமல் அதைச் செய்யலாகாது.

ஸ்மார்ட் பேண்ட் வாங்கலாம், கட்டாயமில்லை; உணவுச் செயலியைப் படமெடுக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்; பணம் செலவிட வசதியிருந்தால், மனிதர் ஒருவர் நம் குறிப்புகளைப் படிக்கும் திட்டத்துக்கே அதைச் செலவிட வேண்டும். வசதியில்லாதவர்களுக்கு வழி காட்ட வேண்டியது அரசாங்கம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் இன்று வீடு தேடிச் சென்று மாத்திரை கொடுக்கிறார்கள். நோயாளி அந்த மாதத்தில் எத்தனை நாள் நடந்தார், தட்டில் என்ன இருந்தது என்பதைப் பார்த்து இரண்டு வார்த்தை கேட்கும் பொறுப்பையும், அதற்கான பயிற்சியையும், அதற்குத் தக்க ஊதியத்தையும் அந்தப் பெண்களுக்கு அளிக்குமாறு சுகாதாரத் துறையினரை வேண்டிக்கொள்கிறேன்.