யாருக்கு யார் இலவசம்?

பெண்களுக்கும் திருநர்களுக்கும் இலவசத் தொழிற்பயிற்சி என்றதும் நம் முற்போக்காளர்கள் உட்பட எல்லோருக்கும் ஒரு பரவசம் வந்துவிடுகிறது. கொடுப்பது யார், வாங்குவது யார் என்பதில் எவருக்கும் சந்தேகமே இல்லை. அந்தச் சந்தேகத்தைக் கிளப்பத்தான் இக்குறிப்பு.

நாகர்கோவிலிலிருந்தே தொடங்கலாம். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1821இல் இங்கே பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அவர்களில் அடிமைச் சாதிப் பிள்ளைகளும் உண்டு. ரேந்தை விற்ற காசில் சிலர் தங்கள் விடுதலையை விலைகொடுத்தே வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855இல்தான். தோள்சீலைக்கான சண்டை 1859 வரை நடந்தது. இதை மிஷனரியின் கருணை என்று துதிப்பவர்களும் சரி, காலனியச் சந்தையின் தந்திரம் என்று ஒதுக்குபவர்களும் சரி, ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். வயல்வேலைக்கென்றே விதிக்கப்பட்ட சாதிகளின் விரல்களும் அங்கே இருந்தன. நளினமான விரல் பெண்ணுக்குப் பிறப்பிலேயே வாய்த்ததென்றால் பள்ளிக்கூடம் எதற்கு? அந்த விரல் உருவாக்கப்பட்டது.

1981இல் டயான் எல்சனும் ரூத் பியர்சனும் உலகச் சந்தைத் தொழிற்சாலைகளைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. தையலும் நுணுக்க வேலையும் அம்மாவும் அக்காவும் வீட்டில் கற்றுக்கொடுப்பவை. அந்தப் பயிற்சிக்குச் சான்றிதழ் கிடையாது, சம்பளம் கிடையாது. எனவே முதலாளி அதை 'இயல்பு' என்கிறான். இயல்புக்குக் கூலி எதற்கு என்கிறான். ஆந்திரத்தின் நரசாபுரத்தில் லேஸ் பின்னிய பெண்களை ஆராய்ந்த மரியா மீஸ் 1982இல் காட்டியதும் இதையே: உலகச் சந்தைக்கு உழைத்தவர்கள் 'ஓய்வுநேரம் போக்கும் குடும்பப் பெண்கள்' ஆக்கப்பட்டார்கள். ஆக இலவசப் பயிற்சி ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. கொடுப்பவள் தாய். வாங்குவது ஆலை.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்து அண்டி ஆபீசுக்குள் போய்ப் பாருங்கள். தல்லுவதும் தோலுரிப்பதும் தரம் பிரிப்பதும் பெண்கள். அண்டி எண்ணெய் பட்டுக் கை வெந்துபோகும். 'பொறுமை பொம்பளைக்குத்தான் உண்டு' என்று அதற்கொரு தத்துவம் வேறு. ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் செல்போன் கோர்க்கும் வரிசைகளில் அதே தத்துவம் சீருடை போட்டு நிற்கிறது. எந்திரம் நின்றுபோனால் அதைத் திறப்பது யார்? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஓடும் எந்திரத்தின் இயக்கப் பாகங்களைத் துடைக்கவோ எண்ணெயிடவோ சரிசெய்யவோ பெண்ணை விடக் கூடாது என்றது. ஆபத்து என்றால் ஆணுக்கும் ஆபத்துதானே! பாதுகாப்பு என்ற சொல்லாடல், எந்திரத்தை அறிகிறவன் ஆண் என்ற அதிகாரத்தையும் சேர்த்தே கட்டமைத்தது.

திருநரைக் கொண்டுவந்து நிறுத்தினால் இந்தக் கட்டமைப்பு தடுமாறுகிறது. நுணுக்கம் கருப்பையிலிருந்து வருவதென்றால் திருநங்கையின் விரலை எதில் சேர்ப்பீர்கள்? வலு ஆணுடையதென்றால் திருநம்பியை என்ன செய்வீர்கள்? வீடும் பள்ளியும் விரட்டிய பிள்ளைக்கு அம்மாவின் பயிற்சியும் இல்லை, ஐ.டி.ஐ. சான்றிதழும் இல்லை. தமிழ்நாட்டில் 2008இல் நல வாரியம் வந்தது, 2014இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஆனால் நலம் என்றால் இன்னும் தையல் மெஷின்தான் முதலில் நினைவுக்கு வருகிறது, லேத் வருவதில்லை.

அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணமில்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. நாகர்கோவில் கோணத்திலேயே ஒன்று இருக்கிறது. 'பொம்பளப்பிள்ளைக்கு என்னத்துக்குடே வெல்டிங்கு?' என்கிற வீட்டை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. டர்னர் முடித்து வருகிற பெண்ணைச் சோதனை மேஜையில் உட்காரவைக்கும் ஆலையும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. எனவே இயக்கங்கள் இலவசத்தோடு நிற்கக் கூடாது. எந்தத் தொழில், அதற்கு என்ன சான்று, அந்தச் சான்றுக்கு என்ன கூலி, பழுதைத் திறக்கும் ஸ்பேனர் யார் கையில்? இவற்றைக் கேட்டு வாங்காத பயிற்சி, தாய் இலவசமாகச் செய்ததை அரசுச் செலவில் செய்வதாகவே முடியும்.