நீலவ்னாவின் விழிப்பு

மாக்ஸிம் கார்க்கியின் 'தாய்' நாவலை நம்மிற் பலர் மகனின் கதையாகவே வாசிக்கின்றனர். மே தினக் கொடியை ஏந்தும் பாவெலும், நீதிமன்றத்தில் அவன் ஆற்றும் உரையுமே அவர்கள் நெஞ்சில் நிற்பவை. ஆயின், 1902இல் சோர்மோவோத் தொழிலாளர் நடத்திய மே தின ஊர்வலத்தை ஆதாரமாகக் கொண்டு 1906இல் கார்க்கி எழுதிய இந்நாவலின் உயிர் பாவெல் அல்லன். அவனைப் பெற்ற பெலகேயா நீலவ்னாவே.

நாவலின் தொடக்கத்தில் அவள் ஒரு மனுஷியாக நடமாடவில்லை; அச்சமே உருக்கொண்டு நடமாடுகிறது. கணவனின் அடி உதைகளால் ஒடுங்கிய அவள், எதிலாவது மோதிவிடுவோமோ என்பதுபோல் ஒருக்களித்தே நடக்கிறாள். வலப் புருவத்தின் மேலுள்ள தழும்பு, அவள் எந்நேரமும் எதையோ பயந்து கேட்டுக்கொண்டிருப்பது போன்ற தோற்றத்தைத் தருகிறது. கணவன் இறந்த பின்னரும் அவள் விடுதலை பெறுவதில்லை. அவளது சார்பு கணவனிடமிருந்து மகனுக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

இந்த உண்மையைக் கார்க்கி மறைக்கவில்லை. ஆலைக்குள் முதன்முதலாகத் துண்டுப்பிரசுரங்களைக் கொண்டு செல்லும்போது, அவளை உந்துவது கொள்கையன்று. பாவெல் சிறையில் இருக்கும்போதும் பிரசுரங்கள் வெளிவந்தால், அவன்மீதுள்ள சந்தேகம் குறையும் என்னும் தாயன்பே அது. உணவு விற்பவளாக ஆலை வாயிலைக் கடந்த அந்தச் செயலே, தானும் ஏதேனும் செய்யவல்லவள் என்பதை அவளுக்கு உணர்த்துகிறது. அறிவு வந்து செயலைத் தூண்டவில்லை. செயலே அறிவுக்கு வழி திறந்தது. நாற்பது வயதிலே எழுத்துக் கூட்டி வாசிக்க அவள் வெட்கத்துடன் முயல்வதும் இந்த விழிப்பின் ஒரு கூறேயாகும்.

இறுதிக் காட்சியிலும் அச்சம் அவளை விட்டு முற்றாக நீங்கிவிடவில்லை. ரயில் நிலையத்தில் ஒற்றன் கண்டுகொண்டதும், கைப்பெட்டியை விட்டுவிட்டு ஓடலாமா என்ற எண்ணம் எழுகிறது. அதனை அவள் அடக்கி நிற்கிறாள். அச்சமின்மை வேறு, அச்சத்தை வெல்லுதல் வேறு. பெட்டியிலுள்ள பிரசுரங்களில் இருப்பது மகனின் உரை. ஆனால் கூடிய மக்களை நோக்கி ஒலிப்பது அவளுடைய சொந்தக் குரல்.

நாவலிற் குறைகளும் உண்டு. பாவெல் தெளிவு பெற்றவனாகவே நம்முன் வருகிறான். அத்தெளிவுக்காக அவன் பட்ட பாட்டை நாம் காண்பதில்லை. சிலர் பேசுவன உரையாடலாக அன்றிச் சொற்பொழிவாக நீள்கின்றன. 1934இன் பின் சோஷலிச யதார்த்தவாதத்தின் முன்மாதிரியாக இந்நூல் போற்றப்பட்டபோது, அதனைப் பின்பற்றியோரிற் பலர் பற்றிக்கொண்டது இக்குறைகளையே. ஐயமும் தயக்கமுமற்ற வீரர்களைப் படைத்தார்கள். நடுங்கும் கையொன்று எவ்வாறு உறுதி பெறுகிறது என்பதைக் காட்ட மறந்தார்கள்.

இது இலக்கியக் குறை மட்டுமன்று. தலைவனின் வாக்கை நம்பித் தன் சிந்தனையை ஒப்படைப்பவன், எசமானை மாற்றிக்கொண்ட அடிமையே. ரகுநாதனின் தமிழாக்கத்தில் இந்நாவலை மாணவரிடம் கொடுக்கும் ஆசிரியர்கள், பாவெலின் உரையை மனனம் செய்விப்பதோடு நின்றுவிடலாகாது. பிறர் உரையைச் சுமந்து சென்றவள் தன் வாயைத் திறந்தது எப்படி என்று மாணவரைக் கேட்க வேண்டும்.