பெயர் மாறிய எக்காளம்

இங்கிலாந்து ராஜ குடும்பத்துக் கல்யாணம் என்றதும் பலருக்கு நினைவு வருகிற அந்தக் கம்பீரமான எக்காள மெட்டு, 'டிரம்பெட் வாலண்டரி', யாருடையது? சங்கீதம் அறிந்தவர்களிலும் பலர் யோசிக்காமல் பர்ஸெல் என்று சொல்லிவிடுவார்கள். வெகு காலம் இசைத்தட்டுகளிலேயே அப்படித்தான் அச்சிட்டிருந்தது. ஊர் பேர் தெரியாத வெண்பாவெல்லாம் ஔவையார் தலையில் விழுகிற கதைதான்.

இயற்றியவர் ஜெரமையா கிளார்க். 'டென்மார்க் இளவரசரின் அணிவகுப்பு' என்பது அசல் பெயர். அந்த இளவரசர் ஜார்ஜ், பிற்பாடு ராணியான ஆன் இளவரசியின் கணவர். 1700-ல் இது அச்சாயிற்று. பர்ஸெலோ 1695-லேயே காலமாகிவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்கனுக்கு ஏற்ப மாற்றி எழுதிய ஒருவர் பர்ஸெல் பெயரைப் போட்டார். பின்னர் ஹென்றி உட் பெரிய வாத்தியக் கோஷ்டிக்கு அமைத்து அதை அதே பெயரில் பிரபலமாக்கினார்.

ஹாண்டெலின் 'ஆசாரியனாகிய சாதோக்' பாட்டைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் இதன் குணம் தெரியும். அது 1727-ல் இரண்டாம் ஜார்ஜின் பட்டாபிஷேகத்துக்காக எழுதியது. 2023-ல் மூன்றாம் சார்லஸ் வரை ஒவ்வொரு பட்டாபிஷேகத்திலும் பாடியிருக்கிறார்கள். தந்தி வாத்தியங்கள் அலையலையாக ஏறி, ஒரு நிமிஷத்துக்கு மேல் நம்மைக் காக்க வைக்கின்றன, குரலே கிடையாது. பிறகு பாடகர் கோஷ்டியும் எக்காளமும் முரசும் ஒரே சமயத்தில் வெடிக்கும்போது, மன்னராட்சியில் நம்பிக்கை இல்லாதவனும் எழுந்து நின்றுவிடுவான். ஹாண்டெல் பெரிய நாடகக்காரர்!

கிளார்க்கிடம் இந்தச் சாமர்த்தியம் இல்லை. எடுத்த எடுப்பிலேயே எக்காளம் நிமிர்ந்து பேசிவிடுகிறது. மெட்டு சின்னது, கொஞ்சம் விலகிப்போகும், மறுபடி அதே பல்லவிக்கு வந்து சேரும். அவ்வளவுதான். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ராஜாவைத் தெய்வமாக்காமல், ஒரு மனிதன் தலை நிமிர்ந்து நடந்து வருவதை மட்டும் காட்டுகிறது. 1901-ல் எல்கர் எழுதிய 'பாம்ப் அண்ட் ஸர்க்கம்ஸ்டன்ஸ்' முதல் அணிவகுப்பில் கேட்கிற ஸாம்ராஜ்யச் செருக்கு இதில் இல்லை.

கிளார்க் லண்டன் ஸெயின்ட் பால் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். 1707-ல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். நிறைவேறாத காதல் என்கிறார்கள். மெட்டில் அதன் நிழல்கூட விழவில்லை. 1981-ல் டயானா மணப்பெண்ணாக நடந்து வந்தது அதே தேவாலயத்தில், இதே மெட்டுக்குத்தான். அன்று கேட்டவர்களில் எத்தனை பேர் பர்ஸெலை மெச்சினார்களோ!