கண்ணாடிக்குள் போகும் வழி

தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் பழைய சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். முன்னால் ஒரு கண்ணாடி, பின்சுவரில் ஒரு கண்ணாடி. சலூனுக்குள் சலூன், அதற்குள் இன்னொன்று. கடைசி எங்கே என்று கழுத்தைச் சாய்த்தால் முடிதிருத்துபவர் தலையைப் பிடித்து நேராக்கிவிடுவார். இணையத்து ‘முடிவில்லா ஜூம்’ அந்தக் கண்ணாடிக்குள் நம்மைக் கூட்டிப்போகிறது.

2004இல் நிக்கோலாஸ் பவும்கார்ட்டன் பல ஓவியர்களைச் சேர்த்து உருவாக்கிய ‘ஜூம்குவில்ட்’ இந்த வகையில் பேர்பெற்றது. ஒருவருடைய ஓவியத்தின் நடுவில் அடுத்தவருடையது முளைக்கும்; போய்க்கொண்டே இருந்தால் புறப்பட்ட இடமே வந்துவிடும்.

செய்முறை எளிது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய படங்கள் எல்லாம் சேர்ந்தே பெரிதாகின்றன. வெளிப்படம் திரையைத் தாண்டியதும் அதைச் சுருக்கி, வரிசையின் கடைசி ஆளாக நடுவில் வைத்துவிடுகிறார்கள்.

கைத்திறன் வேகத்தில் இருக்கிறது. நொடிக்கு இவ்வளவு என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனால் படம் போகப்போகச் சோர்ந்துவிடும். 1 மடங்கு 2 ஆவது பெரிய தாவல். 9 மடங்கு 10 ஆவது கண்ணில் படுவதேயில்லை. அதனால் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். 2 நொடிக்கு ஒருமுறை இரட்டித்தால் 20 நொடியில் 1024 மடங்கு. பார்ப்பவருக்கோ ஒரே சீரான பயணம். சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1977இல் எடுத்த ‘பவர்ஸ் ஆஃப் டென்’ படத்தின் அழகும் இதுதான். சிகாகோ ஏரிக்கரையில் படுத்திருக்கும் ஒருவரை விட்டு 10 நொடிக்கு 10 மடங்காக விலகி, விண்மீன் கூட்டங்களைக் கடந்து, திரும்பி வந்து அவர் கையின் தோலுக்குள் அணுவரை இறங்கும்.

அடுத்தது ஒட்டு. விளிம்பை மங்கலாக்கி ஒட்டுவது அவசரக்காரர் வேலை. கதவு, ஜன்னல், கண்ணின் பாப்பா என்று நுழையக் காரணமுள்ள இடத்தில் ஒட்டினால்தான் மனம் தானாக உள்ளே போகும்.

கைபேசி வரைபடம் இதற்கு நெருங்கிய உறவு. முதல் அடுக்கில் உலகம் முழுதும் ஒரே சதுரம். அடுத்ததில் 4, அதற்கடுத்து 16. ஆனால் முடிச்சூரில் தன் தெருவைத் தேடி இறங்குபவருக்கு அங்கே ஓர் அடிமட்டம் உண்டு.

அந்த அடிமட்டத்தை உடைக்கத் தாம்பரத்திலேயே வழி இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலை, நடுவே ரயில் நிலைய நடைமேம்பாலம், அதன் கீழே, 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடும் மின்சார ரயில், அதன் ஜன்னலில் ஒரு பயணி, அவர் கையில் கைபேசி, அதன் திரையில் தாம்பரம், அதற்குள் மறுபடி ஜி.எஸ்.டி. சாலை. ஐந்தாறு படங்கள் போதும். சானடோரியம் மெப்ஸ் வளாகத்திலும் பெருங்குடியிலும் கணினி முன் உட்காரும் பிள்ளைகளே, யாராவது ஒருவர் இதைச் செய்து காட்டுங்கள்.